இன்னாசி வைத்த சோப்பு

பென்னாகரத்தில் புளி வந்து இறங்குகிற மாதம் அது. மாசி பிறந்துவிட்டால் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற மண்டிகளில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். அந்தத் தெருவில் நடந்து போனாலே பல் கூசும். வெயிலும் புளிப்பு வாசமும் சேர்ந்துகொண்டால் மத்தியானத்தில் தலைவலி நிச்சயம்.

நிசார் அகமதுவின் மண்டிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உசேன் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். சாம்பல் நிற மாரிஸ் மைனர். ஒன்பது வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. நிசார் அகமதுவின் பேத்தி மெஹக்குக்கு நோன்பு பிறக்கும் முன்னே நிக்காஹ். மாப்பிள்ளையை இந்த வண்டியில்தான் மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்திருந்தாள். அவளுடைய அப்பா ஹபீப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, டேங்கில் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான் உசேனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

உசேன், ஒகேனக்கல் ரோட்டில் கடை வைத்திருக்கிற கார் எலக்ட்ரீசியன். வயது ஐம்பத்தாறு. அவர் காதாலேயே வண்டி பார்ப்பார் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. இஞ்சின் ஓடுகிறபோது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு கோளாறு இருக்கிற இடத்தில் விரலை வைப்பார். அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

இந்த வண்டியில் பெட்ரோலை இழுத்துக் கொடுப்பது கரண்டில் ஓடுகிற ஒரு சின்ன பம்பு. இஞ்சினுக்குப் பின்னால் தகரச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு உட்கார்ந்திருக்கும். சாவி போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிடும். இப்போது அது செத்துக் கிடந்தது. ஸ்பானரின் பிடியால் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அசையவில்லை. வயரையும் குழாய்களையும் கழற்றி, ரெண்டு போல்ட்டையும் உருவி, பம்பைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

அடிப்பக்கத்தில், சுவரை ஒட்டியிருந்த பாகத்தில், மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. குளவிக் கூடு என்று நினைத்து நகத்தால் சுரண்டினார். தூளாக உதிரவில்லை, மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. மூக்குக்கருகில் கொண்டுபோனார்.

சோப்பு. துணி துவைக்கிற பார் சோப்பு.

பம்பின் உடம்பும் மேல்மூடியும் சேருகிற வரப்பு முழுக்க அதைப் பிசைந்து அழுத்தியிருந்தார்கள். கடைசியாக அழுத்திய இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே காய்ந்து நின்றது. பெட்ரோல் ஒழுகினால் லாரி டிரைவர்கள் செய்கிற வேலை அது. பெட்ரோலில் சோப்பு கரையாது, அடைத்துக்கொள்ளும்.

பம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "கடையில வெச்சுப் பிரிக்கணும் ஹபீப்பு, சாயந்தரமா சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

இந்த மாரிஸ் மைனரைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர் இன்னாசி. நிசார் அகமதுவுக்கு ஓட்டத் தெரியாது. கிருஷ்ணகிரி, சேலம், மாதேஸ்வரன் மலைப் பக்கம் புளி பார்க்கப் போவது எல்லாம் இன்னாசியோடுதான். மண்டிக்குப் பக்கத்துச் சந்திலேயே இன்னாசியின் வீடு. வண்டி வேலைக்கு வருகிறபோதெல்லாம் உசேன் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். "அண்ணே" என்றுதான் உசேன் கூப்பிடுவார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் பம்பு தகராறு செய்தது. உசேன் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருக்கிற டயாபிரம், அந்த வட்டத் துணி, விறைத்துப்போயிருந்தது. புதுசு பெங்களூரில்தான் கிடைக்கும். மறுநாள் காலையில் நிசார் அகமது ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும். ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். உசேன் பழைய டயாபிரத்தையே கழுவித் துடைத்து மாட்டினார். "புதுசு போட்டாச்சு பாய்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பெங்களூர் போகிறபோது வாங்கி வந்து சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பது கணக்கு. அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. பிறகு அவருக்கே மறந்துபோயிற்று.

மார்கழியில் பெட்ரோல் முள் சீக்கிரமாக இறங்க ஆரம்பித்தது. தருமபுரிக்குப் போய் வந்தால் முள் எங்கே நிற்கும் என்பது நிசார் அகமதுவுக்கு மனப்பாடம். அது நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. இன்னாசி, பம்பில் ஒழுகுகிறது என்றார். புதுசு போட்ட பம்பு எப்படி ஒழுகும் என்று நிசார் அகமது கேட்டார். உசேனை வரவழைத்தார்.

மண்டி முற்றத்தில் வண்டி நின்றது. புளி தட்டுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உசேன் சாவியைத் திருப்பிவிட்டுப் பம்பின் பக்கம் காதை வைத்தார். டிக் டிக் டிக் என்று அடித்து நின்றது. ஒழுக்கு இல்லாத பம்பு என்றால் அதற்குப் பிறகு ஊமையாக இருக்க வேண்டும். உசேன் மனசுக்குள் எண்ணினார். பன்னிரண்டில் ஒரு ‘டிக்’ கேட்டது. மறுபடி பன்னிரண்டில் இன்னொன்று.

நிமிர்ந்து, "பம்பு நல்லாருக்கு பாய்" என்றார்.

இன்னாசி அவரைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நிசார் அகமது கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கூடவே இன்னாசியைச் சட்டையைக் கழற்றி உதறச் சொன்னார், பெட்ரோல் விற்ற காசு இருக்கிறதா என்று பார்க்க. ஒரு பீடிக் கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன.

அதோடு அந்த ஊரில் இன்னாசிக்கு ஸ்டியரிங் பிடிக்கிற வேலை கிடைக்கவில்லை. பெங்களூரில் ஏதோ கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார் என்றார்கள். அப்புறம் மனைவி தீர்த்தம்மாளோடு இண்டூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். ஹபீப் புது வண்டி வாங்கினார். மாரிஸ் மைனர் கொட்டகைக்குள் போயிற்று.

இத்தனை வருஷமும் உசேன் ஒரு பேச்சைச் சொல்லித் தன்னைத் தேற்றிவைத்திருந்தார். பம்பு ஒழுகியிருக்கலாம், இன்னாசி எடுத்தும் இருக்கலாம், ரெண்டுமே இருக்கலாம், யார் கண்டது? இப்போது சோப்பு கையில் ஒட்டியிருந்தது. பெட்ரோல் எடுத்து விற்கிறவனுக்கு ஒழுகுகிற பம்பைப்போல வசதி வேறு கிடையாது. அவன் அதை அடைக்கமாட்டான்.

கடையில் பம்பைப் பிரித்தார். ஆறு திருகும் கழன்றதும் பழைய டயாபிரம் அப்பளம் மாதிரி ஓரம் மடங்கி வந்தது. அவர் கழுவி மாட்டிய அதே துணி.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். பரிதா ராகிக் களி கிண்டி, கொள்ளுக் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் உருண்டையைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். உசேன் விரலால் களியைக் கிள்ளினார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஏங்க, ஆறிப்போனா களி கல்லாயிடும்."

"பரிதா, இன்னாசியண்ணன் பெட்ரோல் எடுக்கல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஐப்பசியில் போட்ட பழைய டயாபிரம், மார்கழியில் கேட்ட அந்தச் சத்தம், இன்றைக்குப் பார்த்த சோப்பு.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஒழுகுதுன்னு நெனச்சேன். ஆனா..."

"ஆனா என்னாங்க ஆனா? டிக்குனு கேட்டுச்சுன்னு சொல்றீங்களே."

"கேட்டுச்சு."

பரிதா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அங்கிருந்தபடியே பேசினாள். "தீர்த்தம்மாக்கா அன்னைக்கு சாயந்தரம் இந்த வாசல்ல வந்து நின்னாங்க. ‘பரிதா, உன் வூட்டுக்காரரு நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னாரா?’ன்னு கேட்டாங்க. நான் என்னா சொன்னேன் தெரியுமா? ‘எங்க வூட்டுக்காரரு காது தப்பாதுக்கா’ன்னு சொன்னேன். என் வாயால சொன்னேங்க. அந்தக்கா திரும்பிப் போயிட்டாங்க."

"எனக்கு இது தெரியாதே."

"நீங்க எங்க கேட்டீங்க?"

களி ஆறி, தட்டில் இறுகியது. அவள் திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "பாய்கிட்ட சொல்லுங்க. அவங்க வூட்டுக்கும் போயி சொல்லுங்க. என்னா நடக்குமோ நடக்கட்டும்."

"கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க பரிதா."

"வராட்டி போறாங்க" என்றாள்.

சாயந்தரம் அவர் மண்டிக்குப் போனபோது நிசார் அகமது முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தட்டின புளியைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயது. காது கூர்மை, பேச்சும் அப்படியே.

"பம்பு ஓடுதாடா?"

"ஓட்டிடலாம் பாய். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

உசேன் நின்றுகொண்டே சொன்னார். பெண்கள் இருக்கிறார்களே என்று முதலில் குரலைத் தணித்தார். பிறகு, அன்றைக்கு உரக்கத்தானே சொன்னோம் என்று நினைத்து உரக்கவே சொன்னார். புளி தட்டுகிற சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நிசார் அகமது கையிலிருந்த புளி உருண்டையைப் பார்த்தபடியே இருந்தார். "எம்பது வயசுல இத என் தலையில எறக்கி வெக்கறியே, நான் எங்கடா கொண்டுபோயி வெப்பேன்?" என்றார். திட்டவில்லை. அதைத்தான் உசேனால் தாங்க முடியவில்லை.

"நீங்க என்னா தண்டன குடுத்தாலும் சரி பாய்."

"உனக்கு என்னா தண்டன குடுக்கறது? சட்டைய அவுக்கச் சொன்னது நீயா? நான்." அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். "ஹஜ்ஜுக்குப் போறப்ப ஊரெல்லாம் வூடு வூடாப் போயி மாப்பு கேட்டுட்டு வந்தேன். மண்டியில மூட்ட தூக்கறவன் வூட்டுக்குக்கூடப் போனேன். இன்னாசி வூட்டுக்கு மட்டும் போவல. ஹபீப்பு கேட்டான், ‘அத்தா, இன்னாசி?’ன்னு. திருடன்கிட்ட எதுக்குடா மாப்புன்னு சொன்னேன். சொல்லிட்டு அல்லா வூட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

ஹபீப் உள்ளேயிருந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். கிழவர் அந்தக் கையை விலக்கினார்.

"கல்யாணப் பத்திரிகை ஒண்ணு எடுத்துட்டு வா. இன்னாசின்னு எழுது, குடும்பத்தோடன்னு எழுது. உசேனு, நீ மொதல்ல போ. நான் திடுதிப்புன்னு போயி நின்னா அவன் மூஞ்ச திருப்பிக்குவான். நீ சொல்லி வெச்சாத்தான் நான் போவ முடியும்."

மறுநாள் காலையிலேயே உசேன் இண்டூருக்குக் கிளம்பினார். ரோட்டோரம் புளியமரங்களை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் விரித்த சாக்குகளின் ஓரமாக ஒதுங்கி ஓட்ட வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே மாரியப்பன் என்பவருடைய மல்பரித் தோட்டத்தில் இன்னாசி இலை வெட்டுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டு வீடு. வாசலில் தீர்த்தம்மாள் மூங்கில் தட்டிலிருந்து பட்டுக்கூடுகளைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. உசேனை நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"என்னங்க?" என்றாள். முன்பெல்லாம் ‘வா தம்பி’ என்பாள்.

"அண்ணனப் பாக்க வந்தேங்கக்கா."

சத்தம் கேட்டு இன்னாசியே வந்தார். இடுப்பில் அரிவாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் நடை அதே டிரைவர் நடை, தோளைச் சாய்த்துக்கொண்டு. "வா உசேனு. ஒக்காரு. தீர்த்து, தண்ணி குடு."

தீர்த்தம்மாள் சொம்பைக் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

உசேன் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். விறைத்த டயாபிரம், பக்கத்தில் பம்பின் வரப்பிலிருந்து பெயர்த்தெடுத்த சோப்புத் துண்டு. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. இன்னாசி சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் இருக்குதா இது? இவ துணி தொவைக்க வெச்சிருந்ததுல பாதிய ஒடைச்சு எடுத்துட்டுப் போனேன். ஒழுகற எடத்துக்குக் கீழேயே சைலன்சரு. வழியில பத்திக்கிச்சுன்னா பாயி பின்சீட்டுல இருந்து எறங்கக்கூட முடியாது, முட்டி வலிக்காரரு."

"அண்ணே, அன்னைக்கு ஐப்பசியில நான் புதுசு போடல. பழசத்தான் மாட்டினேன்."

"தெரியும்."

உசேன் நிமிர்ந்தார்.

"லைட்டு புடிச்சது யாரு? பம்புக்குள்ள இருக்கற அந்தப் பித்தள உருள பதினொண்ணும் உன் கையிலேர்ந்து தரையில கொட்டுச்சே, பொறுக்கிக் குடுத்தது யாரு? நீ பழசக் கழுவி மாட்டினப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"அப்ப ஏண்ணே பாய்கிட்ட சொல்லல?"

இன்னாசி ஒரு பட்டுக்கூட்டை எடுத்து விரலில் உருட்டினார். "நான் சொன்னா உன்ன மாட்டி வுட்ட மாதிரி ஆவும். கடை போட்டு நாலு வருசம்கூட ஆவல உனக்கு. நீயே ‘தப்பாப் போச்சு பாய்’னு சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டிருப்பாரு. நீ சொல்லுவேன்னு பாத்தேன். மண்டியில சொல்லலன்னாலும் தனியா போயி சொல்லுவேன்னு பாத்தேன். அன்னைக்கு சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒக்காந்திருந்தேன். நீ அந்தப் பக்கமா வந்த. என்னப் பாத்த. பாத்துட்டு, கண்ணாடிக் கடைப் பக்கம் தலையத் திருப்பிக்கிட்டு போயிட்ட."

உசேனுக்கு அது நினைவிருந்தது. கண்ணாடிக் கடையில் தொங்கிய நிலைக்கண்ணாடியில் டீக்கடையும், அதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னாசியும் தெரிந்ததுகூட நினைவிருந்தது.

தீர்த்தம்மாள் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இவரு உங்களுக்காக வாய மூடிக்கிட்டாரா? எனக்கே இப்பத்தான் தெரியுது. எடுக்கலன்னு என்கிட்ட சொன்னாரு, நான் நம்பினேன். என் பொண்ணு நம்பலயே! பதினாலு வயசு அப்ப அதுக்கு. பள்ளிக்கூடத்துல ‘பெட்ரோலு, பெட்ரோலு’ன்னு கூப்பிட்டானுங்களாம். அன்னையிலேர்ந்து இவர அப்பான்னு கூப்பிடறத நிறுத்துனா. இப்ப சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கறா. வாரத்துல ரெண்டு நாளு போன் பண்றா, எனக்கு மட்டும். ‘அவருக்கு மாத்திர இருக்குதாம்மா?’ன்னு கேப்பா. கிறிஸ்துமஸுக்கு வந்தா, அவரு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். ஒம்பது வருசம். இத யாரு திருப்பித் தருவா?"

"போன் போட்டுக் குடுங்கக்கா. நான் அதுகிட்டயே சொல்றேன்."

"வேணாம் தீர்த்து" என்றார் இன்னாசி சட்டென்று.

"ஏன் வேணாம்? சொல்லட்டும்." அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். அவளுக்குக் காதில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை. ஸ்பீக்கரில் போட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. டூட்டி முடிஞ்சு இப்பத்தான் வந்தேன்."

"யுவராணி, பென்னாகரத்து உசேன் மாமா வந்திருக்காரு. உன்கிட்ட பேசணுமாம்."

உசேன் போனின் பக்கமாகக் குனிந்தார். தான் செய்ததை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்பா மேல் தப்பில்லை என்றார். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்தும், தன்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் சும்மா இருந்துவிட்டார் என்றார். சொல்லி முடித்தபோது தன் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவருக்கே தெரிந்தது.

"பெட்ரோலு எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியுங்க" என்றாள் யுவராணி. "வூட்டுல சோப்ப ஒடைச்சு எடுத்துட்டுப் போனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

தீர்த்தம்மாள் போனை முகத்துக்கருகில் கொண்டுவந்தாள். "அப்புறம் ஏன்டி..."

"உனக்குத் தெரியாதும்மா. நீ அன்னைக்கு மண்டிக்குப் போயிட்ட. நான் அவருகிட்ட போயி, ‘நீ எடுக்கலன்னு எல்லார் முன்னாடியும் போயி சொல்லுப்பா, நானும் வர்றேன், சோப்பு இருக்குதுன்னு காட்டலாம்’னு சொன்னேன். பேசாம ஒக்காந்திருந்தாரு. ஏன் சொல்லமாட்டேங்கறேன்னு மறுபடியும் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அடிச்சாரு. காதோட சேத்து. அதுக்கு முன்னால ஒரு நாளும் என்ன அடிச்சதில்ல அவரு. ரெண்டு நாளு அந்தக் காது ஞொய்யுன்னுட்டே இருந்துச்சு."

தோட்டத்தில் எங்கோ மோட்டார் ஓடி, தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் அடிச்சாருன்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. உங்கள விட்டுக்குடுக்க அவருக்கு மனசு வரல. என்ன அடிக்கறதுக்கு வந்துச்சு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வெச்சுடறேம்மா."

தீர்த்தம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்.

உசேன் பத்திரிகையைப் பட்டுக்கூட்டுக் கூடையின் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனார். மல்பரிச் செடிகள் இடுப்பளவு நின்றன. இன்னாசி குனிந்து குச்சிகளைச் சரக் சரக்கென்று வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிற வேகம் நிதானமில்லாமல் இருந்தது.

"அண்ணே, பாய் உங்கள நேர்ல பாக்க வரணும்னாரு. மெஹக்குக்குக் கல்யாணம், பத்திரிகை குடுத்தனுப்பினாரு."

"பாய வரச் சொல்லு. வந்தா வூட்டுல தண்ணி குடுப்பேன். கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். மெஹக்கு பாப்பாவ எல்கேஜிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன், நல்லா இருக்கட்டும்." வெட்டிய குச்சிகளை ஒரு கட்டாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ இனிமே வராத உசேனு. கோவத்துல சொல்லல. உன்னப் பாத்தா எனக்கு அவள அடிச்ச என் கையி ஞாபகம் வருது."

பெங்களூரிலிருந்து புது டயாபிரம் அந்த வாரக் கடைசியில் வந்தது. உசேன் மத்தியானம் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பம்பைக் கட்டினார். கரண்ட் தொட்டு விடுகிற பாயின்ட்டுகளை நைஸ் உப்புத்தாளில் தேய்த்தார். பித்தளை உருளைகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் உட்கார வைத்தார்; ரெண்டு தடவை கொட்டின; ரெண்டு தடவையும் தானே தரையில் தவழ்ந்து பொறுக்கினார். டயாபிரத்தைத் தள்ளினால் துள்ளாமல் போகிற வரைக்கும் முறுக்கி, அது துள்ளுகிற இடம் வரைக்கும் திருப்பி, அங்கிருந்து நாலு திருகு ஓட்டை பின்னுக்கு வந்து நிறுத்தினார். ஆறு திருகையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். கொட்டகைக்கு எடுத்துப்போய் வண்டியில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். பம்பு அடித்து, நிரம்பி, நின்றது. காதை வைத்துக்கொண்டு முந்நூறு வரை எண்ணினார். ஒரு சத்தமும் வரவில்லை. இந்த வேலைக்கு அன்றைக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்திருக்கும்.

நிக்காஹ் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை மல்லிகைச் சரம் தொங்க மாரிஸ் மைனரில் வந்து இறங்கினார். பிள்ளைகள் எல்லாம் வண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நிசார் அகமது மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்தி முடிகிறவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தால்ச்சாவும் சோறும் அவருக்கு அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உசேன் பின்வாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகவே போனார். மண்டியில் சொன்ன பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சிலர் பழைய மாதிரியே பேசினார்கள், சிலர் பம்பு, டைனமோ என்று எதையாவது காட்டி, "புதுசுதானே போட்டீங்க?" என்று சிரித்தார்கள்.

நோன்பு பிறந்து நாலாம் நாள் நிசார் அகமது மாரிஸ் மைனரில் இண்டூருக்குப் போனார். ஹபீப்தான் ஓட்டினார். திரும்பி வந்து அங்கே என்ன நடந்தது என்று கிழவர் யாரிடமும் சொல்லவில்லை. ஹபீப் மட்டும் ஒரு நாள் கடைக்கு வந்தபோது சொன்னார்: "அத்தா அந்தத் தோட்டத்து ஆளுங்க முன்னாடி நின்னுக்கிட்டே மாப்பு கேட்டாரு. இன்னாசியண்ணன் அவரு கையப் புடிச்சு ஒக்கார வெச்சாரு. நோன்புன்னதால தண்ணி குடுக்கல. பானெட்ட தொறந்து பம்பப் பாத்தாரு. ஓட்டிப் பாக்கறீங்களாண்ணேன்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு."

ஈஸ்டர் ஞாயிறு கழிந்து ரெண்டு நாளான பிறகு ஒரு சாயந்தரம். பரிதா நோன்புக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே, "தீர்த்தம்மாக்காகிட்ட போன்ல பேசினேன்" என்றாள். அவர்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் உசேனுக்குத் தெரிந்தது.

"என்னா சொன்னாங்க?"

"ஈஸ்டருக்கு யுவராணி வந்திருந்தாளாம். ஒரு நாள்தான் லீவு. கெளம்பறப்ப இன்னாசியண்ணன் அவ பைய எடுத்துக்கிட்டு முன்னால நடந்தாராம். எப்பவும் அவ குடுக்கமாட்டாளாம், புடுங்கிக்குவாளாம். இந்தத் தடவ வுட்டுட்டாளாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரு முன்னால, அவ பின்னால போனாங்களாம். தீர்த்தம்மாக்கா வூட்டு வாசல்லேர்ந்து பாத்துக்கிட்டு நின்னாங்களாம்."

உசேன் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பேசினாளாமா?"

"அங்கேர்ந்து பாத்தா அது தெரியல, பஸ் மறைச்சுக்கிச்சுன்னாங்க."

"அப்புறம் அண்ணன்கிட்ட கேக்கலயா?"

"கேக்கலயாம்" என்றாள் பரிதா. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவள் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "வூட்டுக்குத் திரும்பி வந்து அண்ணன் ரொம்ப நேரம் கைய கழுவிக்கிட்டே இருந்தாராம்."

உசேன் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.